அரிசிக்கு இறப்பர்: ஆர்.ஜீ. சேனநாயக்க விட்டுச்சென்ற வினா

மக்களின் வாயைக் கட்டி ஆளும் ஓர் அரசுடன் கொடுக்கல் வாங்கல் செய்வது அந்த அரசுக்கு முண்டுகொடுப்பதாகுமா என்ற வினா சர்வதேச அரங்கில் அடிக்கடி எழுப்பப்படுகின்றது. எழுப்பியவர்களின் தேவை நிறைவேறியதும் அது அடங்கிப்போவதும் வழமையாகிவிட்டது. சுதந்திரம் பெற்று ஐந்து ஆண்டுகள் கூட நிறைவடையாத நிலையில் இலங்கை இவ்வினாவுக்கு முகங்கொடுக்க நேர்ந்தது. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்தவர் றிச்சர்ட் கோத்தாபய சேனநாயக்க. ஆர்.ஜீ. என்ற இரண்டு எழுத்துக்களாலேயே நாடு அவரை அறிந்திருந்தது.

தமிழ் பேசும் மக்களின் நினைவில் ஆர்.ஜீ. சேனநாயக்கவுக்கு நல்ல இடம் கிடையாது. அதற்கான காரணங்கள் உண்டு. அவற்றை நாம் மறைக்கப்போவதுமில்லை. ஆயினும், 1952 ஆம் ஆண்டில் அவர் செய்த ஒரு காரியத்தின் பயன் முப்பது ஆண்டுகளாக யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் புத்தளத்திலும் எல்லா வீடுகளின் உலையிலும் கொதித்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆர்.ஜீ. 1911 இல் பிறந்தார். தந்தை எப்.ஆர். சேனநாயக்க மதுவிலக்கு இயக்கத்தினூடாகச் சிங்கள மக்களிடையே பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தவர். 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தை அடுத்து இராணுவச் சட்டத்தின் கீழ் தடுத்துவைக்கப்பட்ட சிங்களத் தலைவர்களுள் அவரும் ஒருவர். அத்தலைவர்களுக்காக இலண்டன் வரை சென்று வாதாடியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அக்கலவரத்தில் அடியுண்ட முஸ்லிம்களின் மனதில் இராமநாதனின் அந்தப் பயணம் நீண்டகாலம் உறுத்தலாகவே இருந்தது என்பது வேறு கதை. எப்.ஆர். 1926 இல் கல்கத்தாவில் காலமானபோது ஆர்.ஜீ. சிறுவர். சிறிய தந்தையான டீ.எஸ். சேனநாயக்கவே பின்னர் சுதந்திர இலங்கையின் முதலாவது பிரதமரானார். டட்லி சேனநாயக்க ஒன்றுவிட்ட சகோதரர். தாய் வழியில், காரீயச் சுரங்கங்களால் செல்வம் சேர்த்த அத்திகல குடும்பம். சேர் ஜோன் கொத்தலாவலையின் தாயாரும் ஆர்.ஜீ.யின் தாயாரும் உடன்பிறந்த சகோதரிகள். ஐக்கிய தேசியக் கட்சியை மாமன் மருமகன் கட்சி என அன்று மக்கள் நையாண்டி செய்தமை வீணான கேலியன்று.

1947 இல் தம்பதெனியத் தொகுதியிலிருந்து முதலாவது பாராளுமன்றத்துக்கு ஆர்.ஜீ. தெரிவானார். 1952 மார்ச்சில் டீ.எஸ். சேனநாயக்க காலமானார். டட்லி பிரதமரானார். மே மாதப் பொதுத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி வெற்றிபெற்றதையடுத்து வர்த்தக அமைச்சு ஆர்.ஜீ.யிடம் வந்து சேர்ந்தது. அது ஒன்றும் பெறற்கரிய பேறாக இருக்கவில்லை.

கொரிய யுத்தம் 1950 ஜூனில் மூண்டபோது இறப்பரின் விலை வானளாவ உயர்ந்தது. வல்லரசுகள் களஞ்சியங்களை நிரப்பின. தோட்ட உரிமையாளரும் சிற்றுடைமையாளரும் திறைசேரியும் ஒருங்கே மகிழ்ந்திருந்தனர். களஞ்சியங்கள் நிரம்பியதும், செயற்கை இறப்பர் உற்பத்தி அமெரிக்காவில் பெருகியதும் விலை சரிந்தது. அதே வேளையில் அரிசியின் விலை எதிர்த்திசையில் ஏறியது. உண்ணும் அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்து தருவிக்கும் ஒரு நாட்டுக்கு இதனிலும் கொடிய இக்கட்டு வேறில்லை. விற்பதன் விலை வீழ்கின்றது, வாங்குவதன் விலை ஏறுகின்றது, வாங்கப் பணமிருந்தாலும் அரிசி கிடைப்பதாயில்லை.

ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் மேற்கு நாடுகளின் நண்பன். கம்யூனிஸ எதிர்ப்பு அதன் தேர்தல் மேடைகளின் முதற்பொருள். எனவே முதலில் அமெரிக்காவின் கதவே தட்டப்பட்டது. இறப்பருக்குச் சந்தை விலைக்கு மேல் கொடுக்கவோ, அரிசியைச் சலுகை விலையில் தரவோ அமெரிக்கா இணங்கவில்லை. நட்பு வேறு, வியாபாரம் வேறு என்ற பாடத்தைக் கொழும்புக்கு முதன்முதலில் கற்பித்தது வாஷிங்டன்தான் என்பது பின்னர் நடந்தவற்றை நோக்கும்போது சுவையான விடயமாகும்.

1952 செப்டெம்பரில் ஆர்.ஜீ. தலைமையில் ஒரு தூதுக்குழு அன்று பீக்கிங் என அழைக்கப்பட்ட பெய்ஜிங் நகரைச் சென்றடைந்தது. மா ஓ சேதுங் தலைமையில் மக்கள் சீனம் அமைந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. 1950 ஜனவரியில் இலங்கை அதனை அங்கீகரித்திருந்த போதிலும் இரு தலைநகரங்களிலும் தூதரகங்கள் இருக்கவில்லை. முதலில் 80,000 தொன் அரிசிக்கான இணக்கம் ஒக்டோபர் 4 இல் ஏற்பட்டது. தொடர்ந்து டிசம்பர் 18 இல் ஐந்தாண்டு உடன்படிக்கை கைச்சாத்தானது. ஆண்டுதோறும் சீனா 2,70,000 தொன் அரிசி தரும். இலங்கை 50,000 தொன் இறப்பர் கொடுக்கும். இறப்பருக்குச் சிங்கப்பூர்ச் சந்தை விலையைவிடக் கூடிய விலை. இலங்கையின் இறப்பர் விளைச்சலில் ஏறக்குறைய பாதிக்கு ஐந்து ஆண்டுகளுக்கு நிலையான ஒரு கொள்வனவாளர் கிடைத்துவிட்டார்.

அமைச்சரவையில் அனைவரும் கைதட்டிவிடவில்லை. நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன இவ்வழியை விரும்பாதவர்களுள் முதன்மையானவர். பிரதமர் டட்லி தமது ஒன்றுவிட்ட சகோதரரின் பக்கம் நின்றதாலேயே உடன்படிக்கை உயிர்பெற்றது.

அமெரிக்கா சினமுற்றது. கம்யூனிஸ நாடுகளுக்குப் போர்ப் பயன்பாடுடைய பொருட்களை விற்கும் எந்த நாட்டுக்கும் உதவி வழங்கலாகாது என அமெரிக்க காங்கிரஸ் 1951 இல் சட்டம் இயற்றியிருந்தது. இறப்பர் அத்தகைய பொருட்களுள் ஒன்று. இலங்கைக்கு அமெரிக்க உதவியின் கதவு மூடப்பட்டது. 1956 இல்தான் அது திறந்தது. இறப்பர் மரத்தின் இலைகளைத் தாக்கும் பங்கசு நோய்க்குத் தூவும் கந்தகத்தை விற்பதையும் அமெரிக்கா நிறுத்தியது. சீனாவுக்கு எதிராக ஐக்கிய நாடுகள் சபை 1951 மே மாதம் விதந்துரைத்த பொருட்தடை இலங்கையைப் பிணைக்கவில்லை. ஏனெனில், சோவியத் ஒன்றியத்தின் வீட்டோவினால் இலங்கைக்கு அச்சபையின் வாசலே அடைக்கப்பட்டிருந்தது. 1955 டிசம்பரிலேயே நாம் உள்ளே அனுமதிக்கப்பட்டோம். ஒரு கம்யூனிஸ வல்லரசு வாசலை மறித்ததால் மற்றொரு கம்யூனிஸ அரசுக்கு இறப்பர் விற்கும் சுதந்திரம் கிடைத்தது!

வாஷிங்டனின் வாதத்தை நாம் எள்ளி நகையாட விரும்பவில்லை. 1953 ஜூலை 27 வரை கொரியாவில் யுத்தம் ஓயவில்லை. நமது இறப்பர் சீன லொறிகளின் சில்லுகளானால், அந்த லொறிகள் எங்கே ஓடின என்று கேட்பதற்குப் போர்க்களத்தில் பிள்ளைகளை இழந்தவர்களுக்கு உரிமையுண்டு. சீனத்தினுள்ளும் நிலைமை அமைதியாக இருக்கவில்லை. நிலச் சீர்திருத்தத்தின் பேரால் நிலவுடைமையாளர்கள் பெருந்தொகையில் கொல்லப்பட்டிருந்தனர். திபெத்தினுள் சீனப் படை புகுந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆனால், உடன்படிக்கை கைச்சாத்தாகி ஓராண்டு கூட ஆகுமுன்னர், 1953 செப்டெம்பரில், இதே அமெரிக்கா ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவுடன் இராணுவத் தளங்களுக்கான ஒப்பந்தம் செய்து உதவியும் வழங்கியது. பிராங்கோவிடம் தளம் வாங்குவது ஆதரவாகாதெனில், மாவோவிடம் அரிசி வாங்குவது மாத்திரம் எவ்வாறு ஆதரவாகும்?

இங்கு நாம் நமது வீட்டையும் நோக்க வேண்டியுள்ளது. தோட்டங்களில் அந்த இறப்பர் பாலை வடித்தவர்கள் யார்? களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் சிங்களச் சிற்றுடைமையாளருக்கும் கூலியாட்களுக்கும் அருகே, தோட்ட லயன்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களும் விடியற்காலையில் கத்தியோடும் சிரட்டையோடும் மரத்துக்கு மரம் நடந்தார்கள். 1948, 1949 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அவர்களின் பிரஜாவுரிமையும் வாக்குரிமையும் பறிக்கப்பட்டிருந்தன. ஆர்.ஜீ. பீக்கிங் சென்ற அதே 1952 இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் இதற்கெதிராகக் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடத்தியது. வாக்கில்லாத கைகள் வடித்த பாலையும் கிள்ளிய கொழுந்தையும் வாங்குவது அந்தப் பறிப்பை ஆதரிப்பதாகுமா என்று இலண்டனிலோ வாஷிங்டனிலோ பீக்கிங்கிலோ வினா எழுந்ததாகத் தெரியவில்லை. தேயிலையும் இறப்பரும் வழமைபோல் கப்பலேறின. ஜனநாயக நாடு, சர்வாதிகார நாடு என்ற பட்டியலை எழுதும் கையே எதனைக் கேட்பது, எதனைக் கேளாதிருப்பது என்பதையும் தீர்மானித்து விடுகின்றது.

உடன்படிக்கை கைச்சாத்தாகியும் அரிசிப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. மலிவாகக் கொத்தரிசி வழங்குவதற்குத் திறைசேரி செலவிட்ட மானியத்தைக் குறைக்க நிதியமைச்சர் முனைந்தார். 1953 ஜூலையில் கூப்பன் அரிசி கொத்து ஒன்று 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. ஓகஸ்ட் 12 இல் நாடு ஹர்த்தாலில் ஸ்தம்பித்தது. துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பலியாகின. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். ஓர் அரசாங்கத்தின் ஆயுள் ஒரு கொத்து அரிசியில் தங்கியிருந்த நாட்டில், ஆர்.ஜீ. பீக்கிங் போகாதிருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

அடுத்துப் பிரதமரானவர் சேர் ஜோன் கொத்தலாவல. கம்யூனிஸத்தை அவரைப் போல் வெளிப்படையாகச் சாடிய தலைவர் இலங்கையில் இருந்ததில்லை. வியட்நாமில் போரிடும் பிரெஞ்சுப் படைகளை ஏற்றிச் சென்ற அமெரிக்க விமானங்கள் 1954 இல் கட்டுநாயக்கவில் இறங்கிச் செல்ல அனுமதிக்கப்பட்டன. 1955 ஏப்ரலில் பாண்டுங் மாநாட்டில், சீனப் பிரதமர் சூ என்லாய் வீற்றிருக்க, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஒன்றியம் செலுத்தும் ஆதிக்கமும் காலனித்துவமே என சேர் ஜோன் முழங்கினார். மாநாடே அதிர்ந்தது. இவ்வளவும் நிகழ்ந்தபோது கொழும்புத் துறைமுகத்தில் சீனத்துக்கான இறப்பர் ஏற்றப்பட்டுக்கொண்டேயிருந்தது. சீன அரிசி இறக்கப்பட்டுக்கொண்டேயிருந்தது. சீனா உடன்படிக்கையைக் கிழித்தெறியவில்லை.

அமைச்சரவையில் ஆர்.ஜீ. நீடிக்கவில்லை. சேர் ஜோனுடன் முரண்பட்டு 1954 இல் வெளியேறினார். 1956 பொதுத்தேர்தலில் அவர் செய்த காரியம் இன்றும் பேசப்படுகின்றது. தமது தம்பதெனியத் தொகுதியில் மட்டுமன்றி, ஜே.ஆர். ஜயவர்தனவின் களனித் தொகுதியிலும் வேட்பாளராக நின்று, இரண்டிலும் வென்றார். ஜே.ஆர். பெரும் வாக்கு வித்தியாசத்தில் தோற்கடிக்கப்பட்டார். ஒரே வேளையில் இரண்டு தொகுதிகளின் உறுப்பினராக அமர்ந்த ஆர்.ஜீ., எஸ்.டபிள்யூ.ஆர்.டீ. பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் மீண்டும் வர்த்தக அமைச்சரானார்.

அந்த அரசாங்கமே தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அது குறித்து இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. நாட்டின் உணவுக்காக வல்லரசொன்றின் சினத்தைத் தாங்கத் துணிந்த ஒருவரால், அந்நாட்டின் ஒரு பகுதி மக்களுக்கு அவர்களின் மொழியில் ஒரு கடிதம் எழுதும் உரிமைக்காகத் துணிய முடியவில்லை. உணவுப் பங்கீட்டில் தமிழரும் முஸ்லிம்களும் அவருடைய நாட்டுக்குள் அடங்கினர். அரசியற் பங்கீட்டில் அடங்கவில்லை.

1957 பெப்ரவரியில் சீனாவுடன் முழுமையான இராஜதந்திர உறவு ஏற்பட்டது. அவ்வாண்டில் உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டபோது, இறப்பருக்குக் கொடுத்துவந்த கூடுதல் விலைக்குப் பதிலாக, இறப்பர் மீள்நடுகைக்கென ஐந்து ஆண்டுகளில் 7.5 கோடி ரூபா நன்கொடையை வழங்கச் சீனா இணங்கியது. வியாபாரம் என்ற சொல்லினுள் அடங்காத ஒன்று இங்கு நுழைவதை வாசகர்கள் கவனிப்பர். பண்டத்துக்குப் பண்டம் கொடுத்தவன் சமமானவன். நன்கொடை பெற்றவன் அப்படியல்லன்.

1959 ஒக்டோபரில் திபெத்தில் நிகழ்ந்த அடக்குமுறை குறித்த தீர்மானம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் வந்தது. உலகின் பௌத்த தருமத்துக்குக் காவலன் எனத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் இலங்கை, விகாரைகள் தகர்க்கப்பட்ட ஒரு பௌத்த மக்களுக்காகக் கையுயர்த்தாமல் வாக்களிப்பிலிருந்து ஒதுங்கியது. அணிசேராக் கொள்கை இதற்குக் காரணமாகக் கூறப்படலாம். இந்தியாவும் அன்று ஒதுங்கியே நின்றது. ஆனால், நாலரை ஆண்டுகளுக்கு முன்னர் பாண்டுங்கில் ஒலித்த குரலையும் இந்த மௌனத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நமது வினாவுக்கான விடை ஓரளவு புலப்படும். இரண்டு வேளைகளிலும் வர்த்தகம் இருந்தது. இறப்பரை விற்றது ஆதரவாகவில்லை. இறப்பரோடு சேர்த்து நாவையும் கொடுத்தபோதுதான் அது ஆதரவின் எல்லையைத் தொட்டது என்றே நாம் கருதுகின்றோம்.

அதிலும் கொடிய ஓர் உண்மை பின்னரே வெளிவந்தது. 1959 முதல் 1961 வரை சீனக் கிராமங்களைப் பெரும் பஞ்சம் விழுங்கியது. இறந்தோர் ஒன்றரைக் கோடி என்பாரும், நான்கு கோடிக்கு மேல் என்பாரும் உளர். அப்பஞ்சம் தொடங்கிய 1959 இல் சீனா 40 இலட்சம் தொன்னுக்கும் மேற்பட்ட தானியத்தை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்தது. உடன்படிக்கைப்படி இலங்கைக்குரிய அரிசியும் அந்த ஏற்றுமதியுள் அடங்கும். பசியால் மடிந்த விவசாயியின் களஞ்சியத்திலிருந்து வந்த அரிசி நமது கூட்டுறவுக் கடைகளில் அளக்கப்பட்டிருக்கக்கூடும். கூப்பன் புத்தகத்துடன் வரிசையில் நின்ற பெண்மணி அதனை அறிந்திருக்க நியாயமில்லை. பீக்கிங்கும் அதனை உலகுக்கு மறைத்தே வைத்திருந்தது. பேசவும் எழுதவும் தடையுள்ள நாட்டுடன் வர்த்தகம் செய்வதில் உள்ள மெய்யான ஆபத்து இதுவெனலாம். விற்பவன் தன் பிள்ளையின் வாயிலிருந்து பறித்து விற்கின்றானா என்பதை வாங்குபவன் அறிய வழியே இல்லை.

இந்த வினா பின்னர் திரும்பி நம்மை நோக்கியே வந்தது. மனித உரிமைச் சமவாயங்களை இலங்கை மதிக்கவில்லை எனக் கூறி, ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஓகஸ்டில் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியது. 2017 மே மாதத்திலேயே அது மீண்டது. போரின் இறுதியில் உறவுகளை இழந்தவர்கள் அதனை நியாயமெனக் கண்டனர். அதேவேளை ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்திருந்த வறிய பெண்களின் வயிற்றிலேயே அது முதலில் அடிக்கும் என்ற அச்சமும் இருந்தது. அப்பெண்களுள் வடக்கு, கிழக்கு, மலையகத்தைச் சேர்ந்தவர்களும் உள்ளனர். கொவிட் தொற்றினால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் பெற்றோரின் கதறலையும் பொருட்படுத்தாது 2021 பெப்ரவரி வரை எரிக்கப்பட்ட நாட்களில், நமது தேயிலையை வாங்கும் மத்திய கிழக்கு நாடுகள் கொள்வனவை நிறுத்த வேண்டுமென இங்குள்ள முஸ்லிம்கள் கேட்கவில்லை. அந்நாடுகள் வாய் திறக்க வேண்டுமென்றே எதிர்பார்த்தனர். வாங்குபவனின் பணத்தைவிட அவனது சொல்லுக்கு ஏங்கிய அனுபவம் நமக்கு உண்டு.

மீண்டும் ஆர்.ஜீ.யிடம் வருவோம். பண்டாரநாயக்கவின் கொலைக்குப் பின் அவரது அரசியல் ஒளி மங்கத் தொடங்கியது. 1968 இல் அவர் சிங்கள மகாஜன பக்சய என்ற கட்சியை ஆரம்பித்தார். பெயரே அதன் கொள்கை. 1970 பொதுத்தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. ஒருகாலத்தில் இரண்டு தொகுதிகளின் வாக்காளர்கள் தோளில் சுமந்த மனிதர் பாராளுமன்றத்துக்கு வெளியே நிற்க நேர்ந்தது. அதே ஆண்டில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கவில்லை.

அவரது பெயரை மக்கள் மறந்த பின்னரும் அரிசிக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஐக்கிய தேசியக் கட்சி ஆண்டாலும் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி ஆண்டாலும், உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டது. 1982 இல் அது முடிவுக்கு வந்தது. அவ்வேளையில் இலங்கையின் ஜனாதிபதியாக இருந்தவர், முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அமைச்சரவையில் அதனை விரும்பாதவரும், களனியில் ஆர்.ஜீ.யிடம் தோற்றவருமான ஜே.ஆர். ஜயவர்தன.